அளவேடும் அதனை எழுதும் கையும்: பொறியியல் தொழில்நுட்பர் பணியும் அதற்கான ஆயத்தமும்

தமிழில் 'நூல்' என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். நெடுநல்வாடையில் அரண்மனை எழுப்பும் பகுதியைப் பயின்றோர், இரு கோல்களின் நிழல் கொண்டு திசையறிந்து, ஞாயிறு உச்சியில் நிற்கும் வேளையில் கயிறு பிடித்து மனை வகுத்த வல்லுநரை அங்குக் கண்டிருப்பர். நக்கீரர் அவர்களை நூலறிவு உடையோராகவே காட்டுகிறார். ஒரு கையில் இழை நூலும் மறு கையில் ஏட்டு நூலும் கொண்ட அம்மனிதரே இன்று பொறியியல் தொழில்நுட்பர் எனப்படுகிறார். மக்கள் வழக்கில் அவர் 'டெக்னீஷியன்'. சற்று ஏளனம் கலந்த வழக்கில் 'டிப்ளமோக்காரர்'. இவ்வேளனம் எத்துணைப் பொருந்தாதது என்பதையும், இப்பணியை நாடும் மாணவர் எவ்வாறு தம்மை ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதையும் கட்டுமானத் துறையை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

தொழில்நுட்பர் யார்?

பொறியியல் உலகில் மூவகைப் பணியாளர் உளர். வடிவமைப்பவர் பொறியாளர், கையால் செய்து முடிப்பவர் கைவினைஞர். இவ்விருவர்க்கும் இடையே நின்று, வரைபடத்தைப் பணியிடத்தின் மொழிக்கும், பணியிடத்தில் நேர்ந்ததைக் கணக்கின் மொழிக்கும் மாற்றித் தருபவர் தொழில்நுட்பர். இப்பகுப்பு நம் நாட்டார் மட்டும் கொண்டதன்று. பொறியியற் கல்வித் தகுதிகளை நாடுகள் தமக்குள் ஒப்புக்கொள்வதற்கென மூன்று உடன்பாடுகள் உள்ளன. 1989ஆம் ஆண்டின் வாஷிங்டன் உடன்பாடு பொறியாளர்க்குரியது. 2001ஆம் ஆண்டின் சிட்னி உடன்பாடு தொழில்நுட்பவியலாளர்க்குரியது. 2002ஆம் ஆண்டின் டப்ளின் உடன்பாடு தொழில்நுட்பர்க்குரியது. முதலாமவர் சிக்கல் மிகுந்த வினாக்களுக்கு விடை காண்பவர். மூன்றாமவர் எல்லை வரையறுக்கப்பட்ட வினாக்களை, ஏற்கப்பட்ட முறைகளைக் கொண்டு பிழையின்றித் தீர்ப்பவர். 'எல்லை வரையறுக்கப்பட்டது' என்பதனை 'எளியது' என்று பொருள் கொள்வது தவறு. மட்டம் பார்ப்பது எல்லை வரையறுக்கப்பட்ட செயல்தான். அதில் ஒரு சென்டிமீட்டர் பிழைத்தால் கழிவுநீர் எதிர்த்திசையில் ஓடும்.

நம் மாநிலத்தில் இப்பணிக்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. ஓவர்சீயர், பணி ஆய்வாளர், தொழில்நுட்ப உதவியாளர், இளநிலை வரைதொழில் அலுவலர் எனப் பதவிப் பெயர்கள் வேறுபடினும், அளத்தல், வரைதல், சோதித்தல், பதிதல் என்னும் நான்கு வினைகளே அனைத்திற்கும் அடிப்படை. இவற்றுள் கடைசியாகச் சொன்ன பதிதலே தலையாயது என்பது என் கருத்து. ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

வரலாற்றில் இருவேறு காட்சிகள்

தமிழகத்தின் தொழில்நுட்பக் கல்வி, பொறியாளரை உருவாக்கும் நோக்கோடு தொடங்கவில்லை என்பது பலர் அறியாத செய்தி. 1794இல் சென்னைக் கோட்டையை அடுத்து எட்டு மாணவர்களுடன் தொடங்கப்பெற்ற நில அளவைப் பள்ளியே, 1858இல் கட்டுமானப் பொறியியற் பள்ளியாகவும், 1859இல் பொறியியற் கல்லூரியாகவும் வளர்ந்து, 1920இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. ஆக, இன்று பட்டப் பொறியாளர்கள் தாய்வீடாகப் போற்றும் கிண்டிக் கல்லூரியின் வேர், சங்கிலி பிடித்து நிலம் அளக்கும் உதவியாளர்களைப் பயிற்றிய பள்ளியில் இருக்கிறது.

அளவையின் அருமையை அக்காலத்து நிகழ்ச்சிகள் நன்கு காட்டும். இந்திய நாட்டை முக்கோணங்களாகப் பகுத்து அளந்த பெருமுயற்சியின் முதல் அடிக்கோட்டினை லாம்டன், 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலையருகே அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்து முடிக்க 57 நாள்கள் ஆயின. வெயிலில் இரும்பு நீளும்; ஆதலின் சங்கிலியைப் பெட்டிகளுள் கிடத்தி, வெப்பமானி வைத்து, ஒவ்வோர் அளவையும் வெப்பநிலைக்கேற்பத் திருத்த வேண்டியிருந்தது. பின்னர் 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றுகையில், ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி கயிறறுந்து சுவரில் மோதிச் சிதைந்தது. வட்டத்தகடு வளைந்துபோன அக்கருவியை லாம்டன் மனம் தளராது பிரித்து, ஆறு வாரம் முயன்று, சிறிது சிறிதாகத் தட்டி நிமிர்த்திப் பழைய வடிவுக்குக் கொணர்ந்தார். பெரும் அதிகாரி ஒருவர் அவ்வாறு வாரங்களைத் தொழில்நுட்பராகவே கழித்தார் எனலாம்.

இம்முயற்சியில் நம் மாவட்டத்தார் ஒருவர் பெற்ற இடம் இன்னும் உரியவாறு பேசப்படவில்லை. ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் ஹுசைன் சென்னையில் நகைக்கடை ஒன்றில் பணியாற்றியவர். நுண்ணிய உலோக வேலையில் அவர்க்கிருந்த கைத்திறனைக் கண்ட நில அளவைத் தலைவர் பிளாக்கர், அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். பின்னர் எவரெஸ்ட் தலைவராக இருந்த காலத்தில் (1830-1843) அளவைக் கருவிகளைப் பழுது நீக்கும் பணியில் மொஹ்சின் சிறந்து விளங்கினார். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த கருவியாளர் ஹென்றி பாரோ நாடு திரும்பிய பின்னர், அப்பொறுப்பு இவ்வாற்காட்டுக்காரர் கைக்கே வந்தது. எவரெஸ்ட் இவர்தம் திறனைப் புகழ்ந்து எழுதியுள்ளார். உலகின் உயர்ந்த சிகரம் எவரெஸ்டின் பெயர் தாங்கி நிற்கிறது; அவர் துறையின் கருவிகளைச் செப்பம் செய்த கையின் பெயரை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

ஒரு கான்கிரீட் கட்டியின் கதை

தொழில்நுட்பர் பணியின் இயல்பை விளக்க, கட்டுமானக் களத்தில் நாள்தோறும் நிகழும் ஒரு சோதனையைச் சற்று விரிவாகக் காண்போம். தூண் அல்லது தளம் வார்க்கும்போது, அதே கலவையிலிருந்து சிறிது எடுத்து, பக்கத்திற்கு 150 மில்லிமீட்டர் உள்ள வார்ப்புப் பெட்டிகளில் நிரப்பிக் கட்டிகள் செய்வர். களத்தில் இதற்குக் 'கியூப்' என்று பெயர். மூன்று அடுக்காக நிரப்ப வேண்டும். ஒவ்வோர் அடுக்கையும் 16 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியால் 35 முறை குத்த வேண்டும். ஏறத்தாழ 24 மணி நேரத்திற்குப் பின் பெட்டியைக் கழற்றி, கட்டியின்மேல் நாளும் அடையாளமும் எழுதி, 27 பாகை செல்சியஸ் அளவிலான நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். 28ஆம் நாள் அழுத்தச் சோதனைப் பொறியில் வைத்து, விசையைச் சீராக ஏற்றி, கட்டி நொறுங்கும் சுமையைக் குறிக்க வேண்டும். பொறியில் வைக்கும்போது, வார்த்தபோது மேலே இருந்த முகம் பக்கவாட்டில் இருத்தல் வேண்டும். கரண்டியால் தேய்த்த அம்முகம் முழுச் சமதளமாக இராது. அதன்மேல் சுமை ஏற்றினால் கட்டி தன் வலிமையைக் காட்டுமுன்பே உடையும்.

இவற்றுள் எதுவும் அறிவுக்கு எட்டாத செய்தியன்று. ஆயினும் 34 குத்துக்குப் பின் கை ஓய விரும்புகிறது; 28ஆம் நாள் விடுமுறையாக அமைகிறது; நீர்த்தொட்டியில் நீர் வற்றுகிறது. எளிய செயலை நூறாம் முறையும் முதன்முறை போலச் செய்யும் பயிற்சிதான் இங்குக் கேட்கப்படுகிறது.

இனிக் கணக்கிற்கு வருவோம். கட்டியின் ஒரு முகத்தின் பரப்பு 22,500 சதுர மில்லிமீட்டர். 'எம் 25' எனப்படும் கான்கிரீட்டுக்குக் குறிக்கப்பட்ட வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன். அதாவது 562.5 கிலோ நியூட்டன் சுமையை ஒரு கட்டி தாங்க வேண்டும். ஒரு மாதிரிக்கு மூன்று கட்டிகள். முதல் மாதிரியின் கட்டிகள் 640, 655, 610 கிலோ நியூட்டனில் நொறுங்கின எனக் கொள்வோம். வலிமை முறையே 28.4, 29.1, 27.1, சராசரி 28.2. இரண்டாம் மாதிரியின் கட்டிகள் 700, 690, 520இல் நொறுங்கின. வலிமை 31.1, 30.7, 23.1, சராசரி 28.3. சராசரியை மட்டும் நோக்கின் இரண்டாவது மாதிரி ஒரு மயிரிழை மேலானது. ஆயினும் விதி என்ன சொல்கிறது? எந்த ஒரு கட்டியும் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்குமேல் விலகலாகாது. 28.3இல் 15 விழுக்காட்டைக் கழித்தால் ஏறத்தாழ 24.1, மூன்றாம் கட்டியோ 23.1. ஆகவே இரண்டாம் மாதிரியின் முடிவு செல்லாது.

இங்குதான் தொழில்நுட்பர் தனித்து நிற்கிறார். சோதனை அறையில் அவ்வேளை அவரும் பொறியும் மட்டுமே. 520 என்பதனை 620 என்று எழுதினால் எல்லாம் நேராகிவிடும். ஒப்பந்தக்காரர்க்குப் பணம் வரும். மேலதிகாரிக்கு விளக்கம் எழுதும் தொல்லை இல்லை. ஓர் இலக்கம் மாறினால் போதும். உண்மையை எழுதினால் என்ன ஆகும்? ஏன் அக்கட்டி உடைந்தது என்று தேட வேண்டும். வார்ப்புப் பெட்டியின் மூலை சாய்ந்திருந்ததா, கட்டியை முன்கூட்டியே கழற்றினார்களா, பொறியின் அளவுமானி கெட்டுள்ளதா, அல்லது மூன்று கட்டிகளுள் அதுவொன்றே தூணின் உண்மை நிலையைச் சொல்கிறதா? கடைசி ஐயம் உறுதிப்பட்டால் தூணில் துளையிட்டு மாதிரி எடுத்தும் சோதிக்க நேரும். பிழையை 28ஆம் நாளில் கண்டால் ஒரு தூணை இடிப்பதோடு போகும். எழுதி மறைத்தால் அதன்மேல் நான்கு மாடிகள் ஏறிவிடும். அங்கே குடிவருவோர் அவ்விலக்கத்தை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை.

இதனினும் நுட்பமான பொய் ஒன்றுண்டு. கட்டிக்கென்று மட்டும் சிமெண்டு கூட்டித் தனிக் கலவை செய்வது அது. அக்கட்டி பொறியில் கம்பீரமாக நிற்கும். அது சொல்வது தூணின் கதையன்று. மாதிரி எடுக்கும் வேளையில் தொழில்நுட்பர் தாமே கலவை இறங்கும் இடத்தில் நின்றால் ஒழிய இதனைத் தடுக்க இயலாது.

நீர் பற்றியும் ஒரு சொல். கலவை கெட்டியாக இருந்தால் பரப்புவது கடினம். சித்தாள்கள் ஒரு வாளி நீரை ஊற்றிவிடுவர். வேலை எளிதாகும். சிமெண்டுக்கு நீர் எவ்வளவு மிகுகிறதோ அவ்வளவுக்கு வலிமை குறையும் என்பதனை 1918இல் டஃப் ஏப்ரம்ஸ் என்னும் அமெரிக்கர் சோதனைகளால் நிறுவிக் காட்டினார். நூறாண்டு கடந்த அவ்வுண்மை இன்றும் ஒவ்வொரு தளம் வார்க்கும் நாளிலும் ஒரு வாளியிடம் தோற்கும் நிலையில் உள்ளது. அவ்வாளியைத் தடுப்பவர் வயதில் இளையவர். தடுக்கப்படுபவர் முப்பதாண்டு அனுபவமுள்ள மேஸ்திரியாக இருக்கலாம். 'அண்ணே, தண்ணி வேண்டாம். கலவை இறுக்கமா இருந்தா எஞ்சினீயரைக் கேட்டுச் செய்வோம்' என்று பணிவோடும் உறுதியோடும் சொல்லும் திறன் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

மட்டப் புத்தகம் கற்பிப்பது

நில அளவையில் மட்டக் கணக்கை எழுதும் புத்தகம் ஒரு சிறந்த ஆசான். தெரிந்த மட்டத்திலிருந்து தொடங்கி, பின்னோக்கும் அளவுகளையும் முன்னோக்கும் அளவுகளையும் எழுதிக்கொண்டே செல்வர். பின்னோக்குகளின் கூட்டுத்தொகை 4.365 மீட்டர், முன்னோக்குகளின் கூட்டுத்தொகை 3.980 மீட்டர் என்றால், வேறுபாடு 0.385. தொடக்க மட்டம் 50.000 ஆயின் இறுதி மட்டம் 50.385 ஆக வேண்டும். புத்தகத்தில் 50.375 என்று வந்திருந்தால் இடையில் எங்கோ கூட்டல் பிழைத்துள்ளது என்று பொருள். பக்கந்தோறும் இச்சரிபார்ப்பைச் செய்யாத புத்தகத்தை நான் பார்வையிட மறுப்பேன் என்று மாணவர்களிடம் சொல்வதுண்டு.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. இச்சரிபார்ப்பு கூட்டல் பிழையைக் காட்டுமே அன்றி, அளவுகோலைத் தவறாகப் படித்ததைக் காட்டாது. அதனைக் காண வேண்டுமாயின் தொடங்கிய இடத்திற்கே மீண்டும் அளந்து வர வேண்டும். கருவியின் பார்வைக்கோடு சிறிது சாய்ந்திருப்பின், பின்னோக்கும் தொலைவையும் முன்னோக்கும் தொலைவையும் சமமாக வைத்தால் அப்பிழை தானே நீங்கும். இன்று டோட்டல் ஸ்டேஷன், செயற்கைக்கோள் வழி அளவைக் கருவிகள் எல்லாம் வந்துவிட்டன. பொத்தானை அழுத்தினால் எண் தோன்றுகிறது. தோன்றும் எண்ணை ஐயுறத் தெரிந்தவர்க்கே அக்கருவி பயன்படும். ஐயுறும் பழக்கம் மட்டப் புத்தகத்தில்தான் வருகிறது.

களப்புத்தகத்தில் அழிப்பான் ஆகாது. தவறாக எழுதிய எண்ணை ஒரு கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். அடிக்கப்பட்ட எண்ணும் படிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். பதிதலே தலையாயது என்று முன்னர்க் கூறியதன் காரணம் இதுவே. பாலம் எழுந்து பல்லாண்டு கழித்து விரிசல் காணும்போது, அளந்தவரும் இல்லை, வார்த்தவரும் இல்லை. ஏடு ஒன்றே சான்று சொல்ல எஞ்சியிருக்கும்.

ஆயத்தம் செய்யும் முறை

பத்தாம் வகுப்பு முடித்தோர் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாம். மேனிலைக் கல்வி முடித்தோரும் தொழிற்பயிற்சி நிலையத்தில் தேறியோரும் உரிய தகுதியிருப்பின் நேரே இரண்டாமாண்டில் சேர வழியுண்டு. பட்டயம் பெற்றபின் பொறியியற் பட்டப் படிப்பின் இரண்டாமாண்டில் நுழையவும் இடமுண்டு. ஆகவே பட்டயம் என்பது முட்டுச்சந்து என்னும் அச்சம் வேண்டா. ஆயினும் மேற்படிப்புக்கு ஏணியாக மட்டும் பட்டயத்தைக் கருதுவோர், அது தரும் கைப்பயிற்சியைக் கைநழுவ விடுகின்றனர் என்பதும் உண்மை.

பள்ளி நாளிலேயே வலுப்படுத்த வேண்டியவை சில. கோணவியலும் விகிதமும் பின்னமும் கைவர வேண்டும். பட்டயத்தின் முதலாண்டில் தடுமாறுவோர் பெரும்பாலும் கணக்கில் தடுமாறுவோரே. அடுத்தது வரைபடம். ஒரு பொருளை முன்னிருந்தும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் நோக்கி மனத்தில் ஒன்றாக்கிக் காணும் ஆற்றல் பழக்கத்தால் வருவது. நம் நாட்டில் முதற்கோண வீழல் முறையும், அமெரிக்க நிறுவனங்களில் மூன்றாங்கோண முறையும் வழக்கில் உள்ளன. படத்தின் கீழ் மூலையில் உள்ள சிறு குறியைப் பாராமல் படித்தால் இடப்பக்கத் துளை வலப்பக்கம் சென்றுவிடும். கணினி வழி வரைதலைக் கற்பது இன்று தவிர்க்க இயலாதது. ஆனால் பென்சிலால் வரைந்து பழகியவர் கணினியிலும் பிழை காண்பர்.

படிப்பு முடிந்தபின் ஓராண்டுத் தொழில் பழகுநர் பயிற்சி பெறுவது பெரும்பயன் தரும். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் முதலில் கைவினைத் தொழில்களுக்கே உரியதாக இருந்தது. 1973இல் செய்யப்பெற்ற திருத்தம் பட்டதாரிகளையும் பட்டயதாரிகளையும் அதனுள் கொணர்ந்தது. தென்மண்டலத்திற்குரிய பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் உள்ளது. இப்பயிற்சிக்கு உதவித்தொகையும் உண்டு, சான்றிதழும் உண்டு. தொகை சிறிதென்று இதனை ஒதுக்கிவிட்டு, சம்பளம் சற்று மிகுதியாகக் கிடைக்கும் வேறு வேலைக்குச் செல்வோரைக் காண்கிறோம். வீட்டுநிலை அவ்வாறு கட்டாயப்படுத்துவதும் உண்டு. நம் சமுதாயப் பெரியோர் இங்குச் சற்றுக் கருதிப் பார்த்தல் வேண்டும். பொறியியற் பட்டத்திற்கும் மருத்துவத்திற்கும் உதவி செய்யும் ஊர்கள் பல. பட்டய மாணவர் ஒருவரின் வரைகருவிப் பெட்டிக்கும், பழகுநர் ஆண்டின் பேருந்துச் செலவுக்கும் உதவுவோர் சிலரே. செலவோ ஒப்பிடச் சிறியது.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை என்னும் நிலை வர வேண்டும், இன்னும் வரவில்லை. சோதனைக்கூடத்திலும் வரைபடப் பிரிவிலும் அவர்கள் திறம்படப் பணியாற்றுகின்றனர். களப்பணிக்கு அனுப்ப வீட்டார் தயங்குவதற்குக் கழிப்பறை வசதியின்மை முதலிய உண்மைக் காரணங்கள் உள. அவற்றை நீக்குவது நிறுவனங்களின் கடமை, மாணவியரின் குறையன்று.

தமிழ்த்துறை மலரில் இக்கட்டுரைக்கு என்ன வேலை என்று கேட்போர் இருக்கலாம். தொழில்நுட்பர் இருமொழி மனிதர். காலையில் மேஸ்திரியிடம் ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், சாரம், ஜல்லி என்று பேசுகிறார். மாலையில் அவற்றையே ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுதுகிறார். பாடநூற் கலைச்சொல் ஒன்று, பட்டறைச் சொல் மற்றொன்று என இரு தமிழும் அவர்க்குத் தேவை. பட்டறைச் சொற்களைக் கொச்சை என்று ஒதுக்குவது நம்மிடையே உள்ள குறை. தூக்குக்குண்டு என்னும் சொல்லினும் தெளிவான கலைச்சொல்லை எக்குழு அமர்ந்து ஆக்கிவிட முடியும்? பட்டய மாணவர் முதலாண்டிலேயே சிறு குறிப்பேடு ஒன்றில் தாம் களத்தில் கேட்கும் சொற்களை, அவை குறிக்கும் பொருளின் சிறு படத்தோடு எழுதி வருவாராயின், தொழிலுக்கும் தமிழுக்கும் ஒருங்கே பயன்படும். நாளையக் கலைச்சொல் அகராதிக்கு அது மூலமாகவும் அமையலாம்.

வளைகுடா நாடுகளுக்குச் செல்ல விரும்புவோர் நம்மிடையே மிகுதி. அங்கே ஒவ்வொரு வேலைக்கும் முன்னரே செய்முறை அறிக்கை எழுதி ஒப்புதல் பெற வேண்டும். வேலை முடிந்த ஒவ்வொரு கட்டத்திலும் ஆய்வுக்கு விண்ணப்பித்து, ஆய்வாளர் கையெழுத்துப் பெற்ற பின்பே அடுத்த கட்டம் தொடங்க முடியும். எளிய, பிழையற்ற ஆங்கிலத்தில் அரைப்பக்கம் எழுதத் தெரிந்தவர் அங்கு விரைவில் உயர்கிறார். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், அரசிடம் பதிவு பெற்ற முகவர்களே ஆளெடுக்கலாம் என்று விதித்தது. முகவரின் பதிவு எண்ணைக் கேட்டறிவது நாணத்தக்க செயலன்று. ஒப்பந்தத்தில் பதவிப் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதையும் நோக்க வேண்டும். தொழில்நுட்பராகச் சேர்ந்ததாக எண்ணிச் சென்று, அங்கே உதவியாளர் என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டு வருந்தியோர் பலர். பட்டயச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பழகுநர் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களைச் சான்றொப்பத்துடன் இரண்டு தொகுதிகளாக எடுத்து, ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுச் செல்வது நலம்.